ரஸ்ஸல் வேலைக்குப் போன பதினான்கு மாதங்கள்

மகனைத் தகனம் செய்து மூன்று வாரம் ஆகியிருந்தபோது நகராட்சிக் கவுன்சிலிலிருந்து ஒரு பெண் ரெஜ் ஹாக்ஸ்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். இளம் குரல். எழுதிவைத்ததைப் படிப்பதுபோல இருந்தாலும் முதலில் துக்கம் விசாரித்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"உங்க மகன் ரஸ்ஸல் இறந்தப்போ உங்க வீட்டு விலாசத்துலதான் இருந்தார்னு பதிவாகியிருக்கு மிஸ்டர் ஹாக்ஸ்பி. எப்பலேர்ந்து அங்க இருந்தார்?"

"போன வருஷம் ஆகஸ்ட்லேர்ந்து."

"வேலைக்குப் போனாரா?"

ரெஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போனானாவா? சாரம் கட்டுறவன்ம்மா அவன். முழு நேர வேலை. காலைல ஏழு மணிக்குக் கிளம்பினா சாயங்காலம் அஞ்சு. கடைசி அஞ்சு வாரம் படுக்கைல விழற வரைக்கும் ஒரு நாள் சும்மா உட்கார்ந்ததில்ல. எழுதிக்கோ."

அவள் எழுதிக்கொண்டாள்.

ஜனவரியில் அவன் மூன்று நாள் வீட்டில் படுத்துக்கிடந்ததை ரெஜ் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்தவனைப் பற்றி முகம் தெரியாத பெண்ணிடம் அதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும்?

ரெஜ் தார்ன்ஸ்பியில் பிறந்து தார்ன்ஸ்பியிலேயே காலத்தைக் கழித்தவர். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹம்பர் ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, ஈரக்காற்றும் மீன் வாடையும் நீங்காத ஊர். பதினைந்து வயதில் மீன் கிடங்கின் குளிரறைக்குள் போனார். வெளியே பனி பெய்கிற நாளில்கூட, உள்ளேயிருந்து வந்தால் வெளியே வெதுவெதுப்பாக இருக்கும் என்பார். இடது கையில் இரண்டு விரல் நுனிகள் வெளுத்துப்போய்ச் சுரணை இல்லாமல் இருந்தன. ஊசி குத்தினாலும் தெரியாது. கிடங்கை இரண்டு முறை விற்று, இரண்டு முறை பெயர் மாற்றி, கடைசியில் இழுத்து மூடினார்கள். அதில் அவருடைய கம்பெனி ஓய்வூதியம் வாரத்துக்கு ஒரு பொட்டலம் மீனும் சிப்ஸும் வாங்குகிற அளவுக்குச் சுருங்கிப்போனது. மனைவி ஆட்ரி இறந்து பதினோரு வருடம். அரசு ஓய்வூதியம், அது பற்றாதவர்களுக்கு மேலே போட்டுத் தரும் பென்ஷன் கிரெடிட், இரண்டும்தான் சாப்பாடு. எல்டர் தெருவில் அவர் இருந்தது கவுன்சில் வீடு. அதன் வாடகைக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் அந்தப் பணத்தை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. கவுன்சில் ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் வாங்கிக்கொண்டது.

மனிதர்களை அவர் இரண்டு வகையாகப் பிரித்துவைத்திருந்தார். வேலைக்குப் போகிறவர்கள், போகாதவர்கள். மூன்றாவது வகை அவருக்குத் தெரியாது.

ரஸ்ஸல் அவருடைய ஒரே மகன். மனைவி லொரேனோடு ஒத்துப்போகாமல், நாற்பத்தெட்டு வயதில் இரண்டு துணிப்பையும் ஒரு வேனுமாக அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அந்த வாரமே ரெஜ் கவுன்சிலுக்குத் தொலைபேசி செய்து, மகன் வந்திருக்கிறான், வேலைக்குப் போகிறவன் என்று சொல்லிவிட்டார். ஒரு படிவம் அனுப்புவதாகச் சொன்னார்கள். படிவம் வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று அவரும் விட்டுவிட்டார்.

ரஸ்ஸல் தினமும் காலையில் பூட்ஸைக் கட்டிக்கொண்டு, கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினான். வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாட்டுக்கென்று நாற்பது பவுண்டு அடுப்பங்கரை மேசையில் வைத்தான். குளிர்காலம் வந்ததும் வேனைக் காணோம். ரெஜ் கேட்டதற்கு, "இப்ப கம்பெனி வேன்லயே கூட்டிட்டுப் போறாங்கப்பா" என்றான். சாயங்காலம் வந்ததும் நாற்காலியில் சாய்வான், அப்படியே தூங்கிப்போவான். தட்டில் இறைச்சியும் பட்டாணியும் ஆறிக் கிடக்கும்.

"உன் வயசுல நான் ரெண்டு ஷிஃப்ட் பார்த்துட்டு வந்து தோட்டத்துல உருளைக்கிழங்கு தோண்டுவேன். நீ என்னடா கிழவன் மாதிரி சரியுற?"

"நாளைக்குத் தோண்டித் தரேன்ப்பா."

"உன் நாளை என்னிக்குடா வந்துது?"

ரஸ்ஸல் சிரிப்பான். சண்டைக்கு வரமாட்டான். சின்ன வயதில் மல்லுக்கு நிற்கிற பிள்ளை, இப்போது எதற்கும் சிரித்துவிட்டுப் போவது ரெஜுக்கு எரிச்சலாக இருந்தது.

செப்டம்பரில் ஒரு காலையில் அவன் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்க முடியவில்லை. குடலில் புற்றுநோய், ஈரல் வரை பரவிவிட்டது என்றார்கள். ஐந்து வாரம். அதில் கடைசி ஒன்பது நாள் இறுதிக்காலத்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில்.

"எப்படா தெரிஞ்சுது உனக்கு?" என்று அங்கே ரெஜ் கேட்டார்.

"இப்பத்தான்ப்பா. லேட்டாக் கண்டுபிடிச்சாங்க" என்றான் ரஸ்ஸல்.

ரெஜ் நம்பினார்.

ஜனவரி இரண்டாவது வாரம் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. நாலு பக்கம். முழு நேர வேலை பார்க்கும் மகன் வீட்டில் இருந்ததால் அந்தப் பதினான்கு மாதமும் அவருடைய வாடகை உதவியில் மகனுக்கான பங்கைப் பிடித்திருக்க வேண்டும், கூடுதலாகக் கொடுத்துவிட்ட ஐயாயிரத்துச் சொச்சம் பவுண்டைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்றிருந்தது. மாதத் தவணை கட்ட வசதி உண்டு. மறுக்க விரும்பினால் ஒரு மாதத்துக்குள் எழுதலாம். ரெஜ் அதைப் படித்துவிட்டு, மடித்து, இழுப்பறையில் ஆட்ரியின் மேசை விரிப்புகளுக்கு அடியில் வைத்தார். மூன்று வாரம் அதை அங்கிருந்து எடுக்கவில்லை. வெப்பமூட்டியை மட்டும் அணைத்துவிட்டார். வீட்டுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மதியத்துக்கு டின் சூப், ராத்திரிக்கு அதில் மிச்சம்.

கிடங்கில் அவரோடு வேலை பார்த்த டெனிஸ்தான் தொழிலாளர் கிளப்பில் அதைக் கறந்தெடுத்தான்.

"ஏன்டா ரெஜ், பீர் வேண்டாங்கற, பந்தயம் வேண்டாங்கற. பாதிரியாராப் போறியா?"

ரெஜ் சொன்னார். டெனிஸ் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அட மடையா. மெதடிஸ்ட் சபை ஹால்ல வியாழக்கிழமை ஒரு அம்மா உட்கார்ந்திருக்கும். இலவசமா யோசனை சொல்லும். போ. போகலேன்னா நான் உன்னைக் கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவேன்."

அந்த அம்மாள் பெயர் கிளெனிஸ் பியூ. வேல்ஸ்காரி. அறுபது தாண்டியவர். வேறொரு ஊர்க் கவுன்சிலில் இருபத்திரண்டு வருடம் வாடகை உதவிப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுபெற்று, இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தார். கடிதத்தை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"இந்த மாதிரிக் கடுதாசி நானே ஆயிரக்கணக்குல அனுப்பியிருக்கேன் கண்ணு. அந்தப் பாவத்தைக் கழிக்கத்தான் இங்க வந்து ஆறின டீ குடிச்சுக்கிட்டிருக்கேன். உங்களுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. ஏன் இவ்வளவு நாள் வரலை?"

"கொடுக்க வேண்டியதுன்னா கொடுத்துட்டுப் போறதுதானே."

"கொடுக்க வேண்டியதுதானான்னு பார்ப்போம் முதல்ல." விரலை வைத்துக் காட்டினார். "இதோ. பென்ஷன் வயசுல இருக்கறவங்க வீட்டுக்கு ஒருத்தர் புதுசா வந்து சேர்ந்தா, இருபத்தாறு வாரம் கழிச்சுத்தான் பிடித்தம் ஆரம்பிக்கணும். அதுதான் சட்டம். இவங்க முதல் நாள்லேர்ந்தே பிடிச்சிருக்காங்க. ஆறு மாசம் இங்கயே போச்சு."

ரெஜ் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். நல்ல செய்தி கேட்டுப் பழக்கமில்லாத முகம் அது.

"மிச்சம் எட்டு மாசம். அதுக்கு உச்சபட்சப் பிடித்தம் போட்டிருக்காங்க. வாரத்துக்கு நானூறுக்கு மேல சம்பாதிக்கற ஆள்னு வெச்சுக்கிட்டு. சம்பளத்துக்கு அத்தாட்சி ஏதும் இல்லேன்னா அப்படித்தான் வெச்சுக்குவாங்க. உங்க பையன் என்ன சம்பாதிச்சார்?"

"தெரியாது. கேட்டதில்ல. ஆம்பளைகிட்ட அதெல்லாம் கேக்கக் கூடாது."

"கம்மியா வாங்கியிருந்தா பிடித்தமும் கம்மி. சம்பளச் சீட்டு, பாங்க் ஸ்டேட்மெண்ட், எது கிடைச்சாலும் வேணும். யார்கிட்ட இருக்கும்?"

ரெஜ் ஹாலின் மூலையில் அடுக்கியிருந்த நாற்காலிகளைப் பார்த்தார்.

"அவன் பொண்டாட்டிகிட்ட" என்றார்.

கிளெனிஸ் அன்றைக்கே மேல்முறையீட்டுக் கடிதத்தை எழுதிக் கையெழுத்து வாங்கினார். அத்தாட்சி பின்னால் வரும் என்று போட்டார்.

லொரேன் ஊரின் மறுகோடியில் இருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தகனத்தன்று அவள் கை நீட்டியபோது ரெஜ் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார். விவாகரத்து ஆகவில்லை, அதனால் அவன் இறந்தபின் காகித வேலையெல்லாம் அவள் பெயரில்தான் நடந்தது. ரஸ்ஸல் தன் தபால் விலாசத்தைக்கூட மாற்றியிருக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது என்ன சொல்வது என்று ரெஜ் நாலைந்து வாக்கியம் தயார்செய்துகொண்டார். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"உள்ள வாங்க ரெஜ்" என்றாள் அவள். "காலை மிதியடில துடைச்சுட்டு வாங்க. இப்பத்தான் தரை துடைச்சேன்."

அவர் விஷயத்தைச் சொன்னார். கெஞ்சுவதுபோல ஆகிவிடக் கூடாது என்று அதட்டுவதுபோலச் சொன்னார். அவள் எழுந்துபோய், ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு பாங்க் உறைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"என்னால பிரிக்க முடியல. நீங்க இருக்கீங்கல்ல, இப்பப் பிரிப்போம்."

அவள் கத்தியால் உறைகளைக் கிழித்துத் தர, அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தார். சம்பளம் எங்கே வந்திருக்கிறது என்று தேடினார். ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் இரண்டு. அக்டோபரில் இல்லை. நவம்பரில் ஒரு பெரிய தொகை வந்திருந்தது.

"அது வேன்" என்றாள் லொரேன். "வேனை வித்தான் போல."

பிப்ரவரியில் இன்னொன்று. அது சாரத்துச் சாமான்களையும் கருவிகளையும் விற்ற பணம். அதற்கப்புறம் எந்தப் பக்கத்திலும் வரவே இல்லை. போனது மட்டும்தான். வெள்ளிதோறும் நாற்பது. மற்றதெல்லாம் சில்லறை. நாள் முழுக்கச் செல்லுபடியாகும் பஸ் டிக்கெட். பஸ் நிலையத்துத் தேநீர்க் கடை. நீச்சல் குளத்துச் சிற்றுண்டிக் கடை. நடுநடுவே, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், செவ்வாய்க்கிழமையில், ஒரே இடம் திரும்பத் திரும்ப வந்தது.

"இது என்ன இடம்?" என்று கேட்டார் ரெஜ். எழுத்துகள் சுருக்கமாக இருந்தன.

லொரேன் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"பெரியாஸ்பத்திரி கேன்டீன்" என்றாள்.

அவர் நவம்பருக்குத் திரும்பிப் போனார். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. ஒவ்வொரு செவ்வாயாக விரலை வைத்துக்கொண்டே வந்தார். லொரேன் அழ ஆரம்பித்திருந்தாள். ரெஜ் அழவில்லை. அவருக்கு மூளை அந்த அளவுக்கு வேகமாக ஓடவில்லை.

"வேலைக்குத்தானே போனான்" என்றார். "பூட்ஸ் போட்டுக்கிட்டுத்தானே போனான்."

"எனக்கும் தெரியாது ரெஜ். சத்தியமா. செப்டம்பர்லதான் போன் பண்ணிச் சொன்னான். ஒரு வருஷமா மருந்து ஏத்திக்கிட்டிருக்கேன், பிரயோஜனமில்லன்னு சொல்லிட்டாங்கன்னான்."

"என்கிட்ட இப்பத்தான் தெரியும்னானே."

லொரேன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற என்ன சொன்னான்? சொல்லு."

"வேண்டாம் ரெஜ்."

"சொல்லும்மா."

"'அப்பாகிட்டச் சொல்லாதே. வேலையில்லாத ஆளை எப்படிப் பார்க்கணும்னு அவருக்குத் தெரியாது'ன்னான்."

சொன்ன உடனே அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ரெஜ் தலையை மட்டும் ஆட்டினார், யாரோ வழி சொன்னதைக் கேட்டுக்கொள்வதுபோல. பிறகு காகிதங்களை மாதவாரியாக அடுக்கினார். ஓரம் ஒன்றாக இருக்கும்படி மேசையில் தட்டித் தட்டி அடுக்கினார். அவள் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அடுத்த வியாழக்கிழமை அவர் மெதடிஸ்ட் ஹாலுக்குப் போனது வழக்கை நிறுத்திவிடச் சொல்லத்தான்.

"வேண்டாம் மிஸஸ் பியூ. ஐயாயிரத்தையும் நானே கட்டிடறேன். மாசம் இவ்வளவுன்னு போட்டுடச் சொல்லுங்க."

கிளெனிஸ் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டிருந்தார். "என்ன பேசறீங்க? இது போதும் ஜெயிக்க. பத்து பைசா சம்பாத்தியம் இல்ல அவருக்கு. உடம்பு முடியாத ஆள். கடைசிப் படியில இருக்கற பிடித்தம்தான் வரும். ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு கடுதாசி மட்டும் வாங்கிட்டா…"

"அவன் வேலைக்குப் போனான்னு நான் சொல்லியாச்சு."

"அது உங்களுக்குத் தெரியாம சொன்னது."

"ஊரெல்லாம் சொன்னேன். கிளப்புல சொன்னேன். தகனத்தன்னிக்குப் பாதிரியார் அதைத்தான் எழுந்து நின்னு பேசினார். கடைசி வரைக்கும் உழைச்சவன்னு." ரெஜ் முன்னால் குனிந்தார். "இப்ப நான் போயி ஒரு ஆபீசர் முன்னாடி உட்கார்ந்து, இல்ல, அவன் பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்திருந்தான்னு சொல்லவா?"

கிளெனிஸ் காகிதங்களை ஒதுக்கிவைத்தார். அவருக்குச் சட்டம்தான் தெரியும். இதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. கடைசியில் லொரேனின் தொலைபேசி எண்ணை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

லொரேன் அன்று சாயங்காலமே எல்டர் தெருவுக்கு வந்தாள். வீட்டுக்குள் கோட்டோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். முதலில் வெப்பமூட்டியைப் போட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டிருக்கேன்" என்றாள். "பொண்டாட்டி கேட்டாத்தான் கொடுப்பாங்களாம். கேட்டுட்டேன்."

"உன்னை யாரு கேக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. ரெஜ், அவன் சோம்பேறியா இருந்தான்னா அவமானம். நோயாளியா இருந்தான்னு சொல்றதுல என்ன அவமானம்? உடம்புல மருந்து ஏத்திக்கிட்டு, அந்தக் குளிர்ல, தினம் பத்து மணி நேரம் வெளியில உட்கார்ந்துட்டு வந்திருக்கான், உங்களுக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு. நீங்க குளிர்ல வேலை பார்த்ததை விடக் கஷ்டம் அது. அதைச் சொல்ல மாட்டீங்களா?"

ரெஜ் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"வீட்லயே இருந்திருக்கலாமே அவன்" என்றார். "நான் என்ன செஞ்சிருப்பேன்? திட்டியிருப்பேன். வேற என்ன செஞ்சிருப்பேன்?"

லொரேன் தேநீர் போட எழுந்துபோனாள்.

வழக்கை நிறுத்தும்படி ரெஜ் அதற்கப்புறம் கேட்கவில்லை. விசாரணை ஜூன் மாதம் நடந்தது. பக்கத்து நகரத்தில், பல் மருத்துவமனைக்கு மேலே ஒரு அறை. ரெஜ் தகனத்துக்குப் போட்ட அதே சூட்டைப் போட்டுக்கொண்டு வந்தார், வேறு சூட் அவரிடம் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நீதிபதி தனியாக உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. கவுன்சில் சார்பில் ஒரு மெலிந்த மனிதர். கையிலிருந்த பேனாவிலிருந்து அவர் பார்வையை நிமிர்த்தவில்லை.

இருபத்தாறு வார விஷயத்தைக் கவுன்சில்காரர் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டுவிட்டார். சண்டை மிச்ச எட்டு மாதத்துக்குத்தான். ஆஸ்பத்திரிக் கடிதம் மேசையில் இருந்தது. பத்தொன்பது செவ்வாய்க்கிழமைகள் அதில் தேதிவாரியாக இருந்தன. ஆனால் மருந்து ஏற்றிக்கொண்டே வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, கையில் ரொக்கமாகக் கூலி வாங்குகிறவர்களும் உண்டு என்றார் அவர். சொல்வதில் குற்றமில்லை, அது அவருடைய வேலை.

நீதிபதி ரெஜ் பக்கம் திரும்பினார்.

"மிஸ்டர் ஹாக்ஸ்பி, நவம்பர் மாசம் கவுன்சில் கேட்டப்போ, மகன் முழு நேரம் வேலை பார்த்தார், ஒரு நாள் சும்மா இருக்கலன்னு சொல்லியிருக்கீங்க. இப்போ, வேலையே இல்லங்கறீங்க. நான் எதை நம்பறது?"

"ரெண்டையும் நான் நம்பித்தான் சொன்னேன் மேடம்."

"ஒரே வீட்ல பதினாலு மாசம் இருந்திருக்கீங்க. தினமும் முகத்தைப் பார்த்திருக்கீங்க. அவருக்கு உடம்பு சரியில்லைன்னு உங்களுக்கு எதுவுமே தெரியலையா?"

கிளெனிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரெஜ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரிஞ்சுது மேடம். சாப்பிட மாட்டான். வந்ததும் தூங்குவான். பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டுக்கிட்டான், ரெண்டு தடவை. எல்லாத்தையும் பார்த்தேன்." அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "சோம்பேறின்னு நினைச்சேன்."

நீதிபதி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"அவன்கிட்டயே சொன்னேன். ஜனவரில மூணு நாள் எழுந்திருக்கல அவன். ஃப்ளூன்னான். நான் வாசல்ல நின்னுக்கிட்டு, 'லொரேன் உன்னை ஏன் துரத்தினாள்னு இப்பத்தான்டா புரியுது'ன்னேன். நாலாம் நாள் எழுந்து பூட்ஸைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான். அன்னிக்கு வெளியில ஐஸ் மழை. நான் ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொன்னது உறைச்சிருக்குன்னு சந்தோஷமாக்கூட இருந்துது."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த லொரேன் எழுந்து வெளியே போனாள். கவுன்சில்காரர் பேனாவை மூடினார்.

"ஒரு கேள்விதான் பாக்கி" என்றார் நீதிபதி. குரலைத் தணித்துக்கொண்டிருந்தார். "மகன் வந்ததும் கவுன்சிலுக்குத் தொலைபேசி பண்ணேன்னு சொல்றீங்க. அவர் வந்ததால உங்க வாடகை உதவி குறையும்னு அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று கிளெனிஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தப்பு கவுன்சில் மேல், ரெஜுக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை என்று ஆகிவிட்டால் மிச்சம் உள்ளதும் தள்ளுபடியாகும். யோசித்துப் பதில் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். பொய் சொல்லச் சொல்லவில்லை.

"தெரியும் மேடம்" என்றார் ரெஜ். "கொஞ்சம் குறையும்னு தெரியும். அதுக்குத்தானே போன் பண்ணேன். படிவம் வரும்னு பார்த்தேன், வரல. திரும்பக் கேட்டிருக்கணும். கேக்கல."

வெளியே வந்ததும் படிக்கட்டில் கிளெனிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு சாட்சியை நான் பார்த்ததில்ல கண்ணு" என்றார். பாராட்டா, குறையா என்று ரெஜுக்குப் புரியவில்லை. லொரேன் தெருவில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளருகே போய் நின்றார். அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், அவ்வளவுதான். மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள்.

தீர்ப்பு பத்து நாளில் தபாலில் வந்தது. தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும் ஒருவரை நம்பாமலிருக்கத் தனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். ரஸ்ஸல் ஹாக்ஸ்பி அந்த மாதங்களில் வேலை எதுவும் பார்க்கவில்லை, வருமானம் எதுவும் அவருக்கு இல்லை என்பதைத் தீர்ப்பாயம் உண்மையாக ஏற்கிறது. ஐயாயிரம் போய் ஐநூற்றுச் சொச்சம் நின்றது. அதை மட்டும் அவர் திருப்பித் தர வேண்டும்.

கிளெனிஸ் விடவில்லை. "இதையும் மேல கொண்டுபோகலாம். உங்க வயசையும் கையிருப்பையும் சொல்லி, பிடிக்காம விட்டுடுங்கன்னு கவுன்சில்கிட்டயே கேட்டுப் பார்க்கலாம். ஒரு கடுதாசிதான்."

"வேண்டாம்மா."

"ஏன்?"

"இது நியாயமானது. அவன் என் வீட்ல இருந்தான்ல? இருந்ததுக்கு உண்டானது. இதைக் கட்டறேன்."

கிளெனிஸ் வழக்குக் காகிதங்களைக் கட்டிவைத்துவிட்டு, அவருக்குச் சூடாக ஒரு தேநீர் போட்டுக் கொடுத்தார்.

கிளப்பில் டெனிஸ் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தான். ரெஜ் உள்ளே நுழைந்ததும் மேசையைத் தட்டினார்கள். "கவுன்சிலையே கவுத்துட்டியாமே! நாலாயிரத்து ஐநூறு! வாங்குடா எல்லாருக்கும் ஒரு ரவுண்டு." அவர் வாங்கிக் கொடுத்தார். எப்படி ஜெயித்தாய், என்ன சொன்னாய் என்று கேட்டார்கள்.

"எங்க ரஸ்ஸல் வேலைக்குப் போகலன்னு சொன்னேன்" என்றார் ரெஜ். "உடம்பு முடியாம இருந்தான், எனக்குத் தெரியாம இருந்துதுன்னு சொன்னேன்."

சத்தம் அடங்கிவிட்டது. டெனிஸ் ஏதோ கேலி சொல்ல வந்தவன் சொல்லாமல் விட்டான். ரெஜ் கோப்பையை முழுவதும் குடித்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அதற்கப்புறம் கிளப்புக்கு அவர் அதிகம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லொரேன் வீட்டில் சாப்பிட்டார். அவள் ரஸ்ஸலைப் பற்றி ஏதாவது சொல்வாள், பெரும்பாலும் கோபமான கதைகள், அவன் மறந்துபோன பிறந்தநாள்கள், அவன் உடைத்த சாமான்கள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். சில சமயம் இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த வசந்தத்தில் கவுன்சிலிலிருந்து வருடாந்தரப் படிவம் வந்தது. வாடகை உதவி வாங்குகிற எல்லோருக்கும் வருவதுதான். பெயர், பிறந்த தேதி, ஓய்வூதியம் எவ்வளவு. மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: உங்களுடன் இந்த வீட்டில் வேறு யாரேனும் வசிக்கிறார்களா?

ரெஜ் அந்தப் பக்கத்தைக் காலையில் எடுத்து வைத்தார், மத்தியானம்வரை அது மேசையிலேயே கிடந்தது. பிறகு பேனாவை எடுத்து, இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மழைக்கு முன்னால் போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.